அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து முடிவெடுப்பது யார்?

"அமெரிக்காவில் பள்ளிப் புத்தகங்களைத் தடை செய்கிறார்கள்" என்று ஒருவர் செய்தியைப் பகிர்வார். "தடையா? அமேசானில் தாராளமாகக் கிடைக்கிறதே!" என்று அடுத்தவர் மடக்குவார். "பெற்றோர் வேண்டாம் என்கிறார்கள், பள்ளி எடுத்துவிடுகிறது. இதில் என்ன குற்றம்?" என்பார் மூன்றாமவர். கவனித்துப் பார்த்தால், மூவரும் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருப்பது தெரியும். அதனால்தான் இந்த விவாதம் எத்தனை முறை நடந்தாலும் ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. பெற்றோர் என்றாலே புத்தகத்தை எடுக்கச் சொல்பவர்கள் என்ற எண்ணம் பரவலாகப் பதிந்துவிட்டது. எடுக்காதே என்று வரிசையில் நின்று பேசுபவர்களும் பெற்றோர்தான். அவர்கள் எதை எதிர்க்கிறார்கள், எங்கே போய் எதிர்க்கிறார்கள், ஏன் அங்கே போகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அமெரிக்கப் பள்ளி நிர்வாகம் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்கும் புரியும்படி அடியிலிருந்தே தொடங்கலாம்.

ரிமோட்டும் கேபிள் வயரும்

வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை பார்க்கக் கூடாத காட்சி ஏதோ வருகிறது. அம்மா ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றுகிறார். அதை யாரும் தவறென்று சொல்லப்போவதில்லை. அவர் பிள்ளை, அவர் வீடு, அவர் முடிவு.

இப்போது அதே அம்மா கேபிள்காரரை அழைத்து, "இந்தச் சேனல் இந்தத் தெருவுக்கே வரக் கூடாது, வயரை வெட்டிவிடுங்கள்" என்கிறார். அடுத்த வீட்டில் பதினேழு வயதுப் பெண் இருக்கிறாள். அந்தச் சேனலை அவள் பார்ப்பதில் அவள் பெற்றோருக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்களை யாரும் கேட்கவே இல்லை.

இரண்டுக்கும் "பெற்றோர் உரிமை" என்றுதான் பெயர் சூட்டப்படுகிறது. முதலாவது தன் பிள்ளையைக் குறித்த முடிவு. இரண்டாவது ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் குறித்த முடிவு. புத்தகத் தடையை எதிர்க்கும் பெற்றோரில் பெரும்பாலோருக்கு முதலாவதில் எந்தச் சண்டையும் இல்லை. பல பள்ளிகளில் அதற்கு ஏற்கெனவே வழி இருக்கிறது: "என் மகன் இந்த நூலை எடுக்க வேண்டாம்" என்று நூலகருக்கு எழுதிக்கொடுத்தால், அவன் கணக்கில் குறித்துக்கொள்வார்கள். இதை விலகல் என்று சொல்லலாம்: ஒரு குடும்பம் தன் பிள்ளையை மட்டும் விலக்கிக்கொள்வது. நூல் அலமாரியில் மற்றவர்களுக்காக இருக்கும்.

2025 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுன்டி (மாநிலத்துக்குள் அடங்கும் ஒரு நிர்வாகப் பகுதி) வழக்கில் 6–3 என்ற கணக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. சில கதைப் புத்தகங்கள் வகுப்பில் வாசிக்கப்படும்போது, சமய நம்பிக்கை காரணமாகத் தம் பிள்ளைகளை விலக்கிக்கொள்ள விரும்பிய பெற்றோர் அதில் வென்றார்கள். அந்தத் தீர்ப்பைக் கொண்டாடியவர்களும் உண்டு, கண்டித்தவர்களும் உண்டு. நமக்கு இங்கே வேண்டிய செய்தி ஒன்றுதான். அந்தப் பெற்றோர் கேட்டது விலகல். நூலை யாருக்கும் கிடைக்காமல் செய்வதற்கு அந்தத் தீர்ப்பை ஆதாரம் காட்ட முடியாது. ஆனாலும் காட்டுகிறார்கள்.

ஒரு நூல் அலமாரிக்கு வருவதும் போவதும்

அமெரிக்காவில் பள்ளிக் கல்வி வாஷிங்டனிலிருந்து நடத்தப்படுவதில்லை. நாடு முழுவதும் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. அங்கே வீடு வாங்கப்போகும் நம்மவர்கள் "நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டா?" என்று முதலில் விசாரிப்பது இதைத்தான். ஒவ்வொரு மாவட்டத்தையும் ஆள்வது பள்ளி வாரியம். பெரும்பாலும் அந்தப் பகுதி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஐந்து, ஏழு, அல்லது ஒன்பது பேர். இவர்களில் பலர் ஆசிரியர்களோ நூலகர்களோ இல்லை. ஊரில் வேறு தொழில் பார்ப்பவர்கள்.

எந்த நூலை வாங்குவது என்று முடிவு செய்வது நூலகர். அவரும் தோன்றியபடி வாங்க முடியாது. தொகுப்புக் கொள்கை என்று எழுத்தில் ஒரு விதி இருக்கும்: எந்த வயதினருக்கு, பாடத்துக்கு என்ன தேவை, மதிப்புரைகள் என்ன சொல்கின்றன, அலமாரியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்றெல்லாம் பார்த்து வாங்க அது வழிகாட்டும். கிழிந்துபோன, காலாவதியான, ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத நூல்களை எடுத்துக் கழிப்பதற்கும் அதில் இடம் உண்டு. இந்தக் கழித்தல் எல்லா நூலகமும் செய்கிற அன்றாட வேலை. இதைத் தடை என்று யாராவது கூச்சலிட்டால் அது தவறு.

ஒரு நூல் வேண்டாம் என்று நினைப்பவர் ஆட்சேப மனு கொடுக்கலாம். இந்த மனுப் படிவத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பாதி விவாதம் அதற்குள்ளேயே இருக்கிறது. நூலின் பெயர், ஆசிரியர் பெயர். நீங்கள் பெற்றோரா, ஊழியரா, ஊரில் வசிப்பவரா? நூலை முழுதும் படித்தீர்களா? எந்தப் பக்கங்களில் உங்களுக்கு ஆட்சேபம்? மதிப்புரை எதையாவது பார்த்தீர்களா? இதை என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்: உங்கள் பிள்ளைக்கு மட்டும் தராமல் இருக்க வேண்டுமா, மேல் வகுப்புக்கு மாற்ற வேண்டுமா, எல்லாருக்கும் இல்லாமல் அகற்ற வேண்டுமா? மாவட்டத்துக்கு மாவட்டம் வாசகம் மாறும். கேள்விகள் ஏறக்குறைய இவைதான். கடைசிக் கேள்வியில் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறார்கள் என்பதில்தான் ரிமோட் முடிந்து வயர் தொடங்குகிறது.

மனு வந்ததும் மறுபரிசீலனைக் குழு அமையும். நூலகர், ஆசிரியர், பள்ளி நிர்வாகி, ஓரிரு பெற்றோர் அதில் இருப்பார்கள். அவர்கள் நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துப் பரிந்துரை எழுதுவார்கள். ஏற்காதவர் வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.

இந்த நடைமுறையில் இரண்டு திருகாணிகள் இருக்கின்றன. குழு முடிவெடுக்கும்வரை நூல் அலமாரியில் இருக்குமா, பூட்டிய அறைக்குப் போகுமா? மனு கொடுக்கும் தகுதி யாருக்கு உண்டு, ஓர் ஆள் எத்தனை மனு கொடுக்கலாம்? கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். சண்டை முழுக்க இந்த இரண்டு திருகாணிகளைத் தளர்த்துவதும் இறுக்குவதும்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: விலகல் தன் பிள்ளைக்கு, அகற்றல் எல்லாருக்கும். கழித்தல் பராமரிப்பு வேலை. ஆட்சேபம் என்பது ஒரு மனு மட்டுமே. நூல் இன்னும் போய்விடவில்லை. அது போகுமா இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது எழுத்தில் உள்ள நடைமுறையும் அதை நடத்துகிறவர்களும்.

பத்தாயிரம் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

இரண்டு அமைப்புகளின் எண்கள் மாறி மாறிப் பகிரப்படுகின்றன. அமெரிக்க நூலகச் சங்கம் அகற்றச் சொல்லும் முயற்சிகளைப் பதிவு செய்கிறது. பொது நூலகங்களும் அதில் சேரும். 2023இல் 1,247 முயற்சிகள், அவற்றில் குறிவைக்கப்பட்ட நூல்கள் 4,240. அந்தச் சங்கம் பதிவு செய்தவற்றிலேயே அதிகமான எண்ணிக்கை அது. 2024இல் 821 முயற்சிகள், 2,452 நூல்கள்.

எழுத்தாளர் அமைப்பான பென் அமெரிக்கா, பள்ளிகளில் உண்மையிலேயே அகற்றப்பட்டதையும் கட்டுப்படுத்தப்பட்டதையும் எண்ணுகிறது. 2023–24 கல்வியாண்டுக்கு அது சொன்ன எண் 10,046. இது பத்தாயிரம் வெவ்வேறு நூல்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே நூல் இருபது மாவட்டங்களில் எடுக்கப்பட்டால் இருபது என்று கணக்கு. தனித்தனி நூல்களாகப் பார்த்தால் 4,231. பரிசீலனை முடியும்வரை தற்காலிகமாக எடுத்து வைத்ததையும் பென் தடை என்றே எண்ணுகிறது. அதை மிகைப்படுத்தல் என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறையில் நியாயம் தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட நூல் பள்ளி ஆண்டு முழுவதும் பூட்டிய அறையில் இருந்தால், அவளைப் பொறுத்தவரை அது திரும்பி வரவே இல்லை.

அமேசானில் கிடைக்கிறதே என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். புத்தகத் தடை என்று இங்கே சொல்வது, பொதுமக்கள் வரிப்பணத்தில் இயங்கும் ஒரு பள்ளியோ நூலகமோ, ஏற்கெனவே வாங்கி வைத்த நூலை, அதன் உள்ளடக்கத்தின் காரணமாக, வாசகருக்குக் கிடைக்காமல் செய்வது. விற்பனைத் தடை வேறு சங்கதி. சொந்தக் கடன் அட்டை இல்லாத, தனியாகக் கடைக்குப் போக முடியாத, வீட்டில் புத்தகத்துக்கென்று காசு ஒதுக்காத ஒரு பிள்ளைக்குப் பள்ளி நூலகம்தான் புத்தகக் கடை. தன் வாழ்க்கையைப் போன்ற ஒரு வாழ்க்கையை அச்சில் தேடுகிற பிள்ளைக்கு, அதைப் பெற்றோரிடம் கேட்டு வாங்கும் தைரியமும் எல்லா வீட்டிலும் இருக்காது.

மனு கொடுப்பது யார் என்ற கணக்கு இன்னும் முக்கியம். அமெரிக்க நூலகச் சங்கத்தின் 2024 பதிவுகளின்படி, அகற்றச் சொன்ன கோரிக்கைகளில் 72 சதவீதம் அழுத்தக் குழுக்களிடமிருந்தும் அதிகாரிகளிடமிருந்தும் வாரிய உறுப்பினர்களிடமிருந்தும் வந்தவை. பெற்றோரிடமிருந்து வந்தவை 16 சதவீதம். அதற்கு முன்பு வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ், 2021–22 கல்வியாண்டில் பள்ளிகளில் தரப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்களை வாங்கிப் படித்துப் பார்த்தது. அவற்றில் சுமார் 60 சதவீதம் வெறும் 11 பேர் கொடுத்தவை. "பெற்றோர் கேட்கிறார்கள்" என்ற வாக்கியத்தை அடுத்த முறை கேட்கும்போது இந்தப் பதினொருவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கணக்கிலும் வராத ஒரு பகுதியும் இருக்கிறது. வம்பு எதற்கு என்று நூலகரே ஒரு நூலை வாங்காமல் விட்டுவிடுவது. இதை மௌனத் தணிக்கை என்கிறார்கள். மனு இல்லை, குழு இல்லை, தீர்மானம் இல்லை. வராத நூலுக்கு யார் போய்ப் போராடுவது?

பாடப் புத்தகமும் நூலகப் புத்தகமும்

2022 ஜனவரியில் டென்னஸி மாநிலத்தின் மெக்மின் கவுன்டி பள்ளி வாரியம், யூதப் படுகொலையைப் பற்றி ஆர்ட் ஸ்பீகல்மன் வரைந்து எழுதிய 'மவுஸ்' என்ற சித்திர நாவலை எட்டாம் வகுப்புப் பாடத்திட்டத்திலிருந்து ஒருமனதாக நீக்கியது. உலகமெங்கும் செய்தியானது. ஆனால் அது நூலகத்திலிருந்து நீக்கிய சம்பவமன்று, பாடத்திலிருந்து நீக்கியது.

இந்த வேறுபாடு முக்கியம். பாடத்திட்டத்தில் இருப்பதை எல்லா மாணவரும் படித்தாக வேண்டும். அதைத் தீர்மானிக்க வாரியத்துக்கு நீதிமன்றங்கள் நிறையவே சுதந்திரம் தருகின்றன. நூலக நூலை யாரும் யாரையும் படிக்கச் சொல்வதில்லை. விரும்பியவர் எடுக்கலாம். கட்டாயம் இல்லாத இடத்தில் கட்டாயத்துக்கு எதிரான வாதங்களை வைத்து நூலை அகற்றுவது பொருந்தாது. மெக்மின் முடிவு எனக்கு உடன்பாடில்லாத முடிவுதான். ஆனாலும் எதிர்க்கப் போகிறவர் எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரிந்து தட்ட வேண்டும்.

"ஆபாசம்" என்ற சொல்லைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

வாரியக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, நூலின் நடுவிலிருந்து ஒரு பத்தியை உரக்க வாசிப்பார். அறையே நெளியும். "இது பிள்ளைகள் கையில் இருக்கலாமா?" என்று கேட்டு உட்காருவார். காணொளி அன்றிரவே பரவும்.

பெற்ற மனம் பதறுவது இயல்பு. அதைக் கேலி செய்வதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் ஆபாசம் என்பதற்குத் திட்டவட்டமான சோதனை இருக்கிறது. 1973இல் மில்லர் எதிர் கலிபோர்னியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை வகுத்தது. படைப்பை முழுமையாக எடுத்துக்கொண்டு பார்க்கையில் அது காம இச்சையைத் தூண்டுவதையே நோக்கமாகக் கொண்டதா, சட்டம் வரையறுத்த பாலுறவுச் செயல்களை அப்பட்டமாக அருவருக்கும்படி காட்டுகிறதா, இலக்கியம், கலை, அரசியல், அறிவியல் என எந்த வகையிலும் ஆழமான மதிப்பு இல்லாததா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் ஆம் என்றால்தான் ஆபாசம். சிறுவர்களுக்கு அளவுகோலைக் கொஞ்சம் கடுமையாக்கிக்கொள்ளலாம் என்று 1968ஆம் ஆண்டின் கின்ஸ்பெர்க் தீர்ப்பு இடம் தருகிறது. ஆனால் ஒரு பத்தியை மட்டும் பிய்த்தெடுத்து நூலைத் தீர்ப்பிடலாம் என்று மில்லர் சோதனை சொல்லவில்லை. வன்கொடுமைக்கு ஆளான ஒரு சிறுமியின் கதையில் அந்தக் கொடுமை நடக்கும் பக்கம் படிக்கக் கடினமாகத்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டுபவர், அவள் பிறகு எப்படி எழுந்து நின்றாள் என்ற இருநூறு பக்கங்களை மூடிவிடுகிறார்.

இதனால்தான் எதிர்ப்புப் பெற்றோர் எங்கு போனாலும் ஒரே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப வைக்கிறார்கள்: குழுவில் இருப்பவர்கள் நூலை முழுதும் படித்துவிட்டு வாக்களிக்க வேண்டும்.

ஓர் இரவு, ஒரு பட்டியல், பதினொரு நூல்கள்

இந்தச் சண்டை புதிதில்லை. 1975 செப்டம்பரில் நியூயார்க் மாநிலம் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரியத்தைச் சேர்ந்த மூவர், பழமைவாதப் பெற்றோர் அமைப்பு ஒன்றின் மாநாட்டுக்குப் போய், ஆட்சேபத்துக்குரிய நூல்கள் என்று ஒரு பட்டியலை வாங்கி வந்தார்கள். நவம்பரில் ஓர் இரவு, அவர்களில் இருவர் பள்ளித் துப்புரவுப் பணியாளரிடம் சொல்லி நூலகத்தைத் திறக்கச் செய்து, அட்டவணை அட்டைகளைப் புரட்டித் தேடினார்கள். மாவட்டத்தில் இருந்தவை மொத்தம் பதினொன்று.

பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. நான்கு பெற்றோர், நான்கு பள்ளி ஊழியர் கொண்ட குழு ஒன்றை வாரியமே அமைத்தது. குழு படித்துப் பார்த்து, ஐந்து நூல்கள் இருக்கட்டும், இரண்டை நீக்கலாம் என்றது. மீதி நான்கில் இரண்டைப் பற்றிக் கருத்து ஒன்றுபடவில்லை. வாரியம் அந்தப் பரிந்துரையைப் பெரும்பாலும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஒன்பது நூல்களை அகற்றியது. எதிர்த்து ஸ்டீவன் பிக்கோ என்ற மாணவரும் மேலும் நால்வரும் வழக்குப் போட்டார்கள்.

1982இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்று மாணவர்கள் பக்கம் சாய்ந்தது. நீதிபதி பிரென்னன் எழுதிய கருத்துரையின் சாரம் இது: நூலில் உள்ள கருத்து பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பள்ளி நூலகத்திலிருந்து அதை அகற்ற வாரியத்துக்கு அதிகாரம் இல்லை. அடி முதல் முடி வரை கொச்சையாக இருக்கிறது, கல்விக்குப் பொருந்தவில்லை என்பன போன்ற காரணங்களுக்காக அகற்றலாம். ஆக, எதை அகற்றினார்கள் என்பதைப் போலவே ஏன் அகற்றினார்கள் என்பதும் கேள்வியாகிவிட்டது. வாரிய உறுப்பினர்களின் மின்னஞ்சல்களையும் கூட்டக் குறிப்புகளையும் இன்று பெற்றோர் விடாமல் கேட்டு வாங்குவது இதற்காகத்தான்.

ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு பலவீனம் இருந்தது. பிரென்னனின் கருத்துரை முழுவதையும் ஒன்பது பேரில் ஐந்து பேர் ஏற்கவில்லை. பெரும்பான்மைக் கருத்து என்று அதைச் சொல்ல முடியாது. அந்த விரிசல் நாற்பது ஆண்டுகள் கழித்து உடைந்தது.

லானோ: நீதிமன்றக் கதவு குறுகிய கதை

டெக்சஸ் மாநிலத்தின் லானோ கவுன்டி பொது நூலகங்களிலிருந்து 2021இல் 17 நூல்கள் எடுக்கப்பட்டன. இனவாத வரலாறு பற்றிய நூல்களும் அதில் இருந்தன, பிருஷ்டத்தைப் பற்றிய சிறுவர் சிரிப்புக் கதைகளும் இருந்தன. ஊர்வாசிகள் ஏழு பேர் 2022இல் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கமான கழித்தல்தான் என்றது கவுன்டி. முதலில் சொன்ன அந்தப் பராமரிப்பு வேலையின் பெயர் இங்கே போர்வையாகப் பயன்பட்டது என்பதே ஊர்வாசிகளின் வாதம். 2023 மார்ச்சில் நீதிபதி நூல்களைத் திரும்ப வைக்க உத்தரவிட்டார். சில நாள்களிலேயே கவுன்டி நிர்வாகம் நூலகங்களையே மூடிவிடலாமா என்று கூட்டம் போட்டது. மக்கள் திரண்டு பேசியபின் அந்த யோசனையைக் கைவிட்டது.

2025 மே மாதம் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், முழு அமர்வாக உட்கார்ந்து, 10–7 என்று அந்த உத்தரவை ரத்து செய்தது. பொது நூலகம் ஒரு நூலை அகற்றியதை எதிர்க்க, தகவல் பெறும் உரிமை என்ற வாதம் உதவாது என்றது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது. அந்த வட்டத்தில் அடங்கும் டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி மூன்று மாநிலங்களிலும் இன்று அதுதான் நிலை.

இது எனக்கு வருத்தமான தீர்ப்பு. அதோடு, பெற்றோரின் வேலை எங்கே நடக்க வேண்டும் என்பதையும் அது தெளிவாக்கிவிட்டது. நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. சட்டமன்றமும் பள்ளி வாரியமும்தான் களம்.

திருகாணியைத் திருப்பும் மாநிலங்கள்

முன்பு சொன்ன இரண்டு திருகாணிகளும் இங்கேதான் வருகின்றன. ஃபுளோரிடாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாலியல் நடத்தையைச் சித்திரிக்கிறது என்று ஆட்சேபம் வந்தால் ஐந்து பள்ளி நாள்களுக்குள் நூலை எடுத்துவிட வேண்டும். தீர்வு வரும்வரை அது திரும்பாது. ஒரு காகிதம் போதும், நூல் போய்விடும். அந்த மாநிலத்தின் எஸ்காம்பியா கவுன்டியில் பரிசீலனைக்காக எடுத்து வைக்கப்பட்ட 1,600க்கும் மேற்பட்ட நூல்களில் அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும்கூட இருந்தன. மனுக்கள் குவிந்ததில் மாநிலமே திணறி, பள்ளியில் பிள்ளை இல்லாதவர் மாதத்துக்கு ஒரு மனுவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று 2024இல் திருத்தியது.

யூட்டாவில் இன்னொரு வகை. நாற்பதுக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் உள்ள அந்த மாநிலத்தில், மூன்று மாவட்டங்கள் ஒரு நூலைச் சட்டத்தின்படி அகற்றினால் மாநிலம் முழுவதும் எல்லா அரசுப் பள்ளிகளிலும் அது போய்விடும். 2024 ஆகஸ்டில் வந்த முதல் பட்டியலில் 13 நூல்கள். மற்ற மாவட்டங்களின் பெற்றோரைக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

மறுபக்கம் இல்லினாய் 2023இல் முதல் மாநிலமாக, கட்சி அல்லது கொள்கை வெறுப்பால் நூல்களைத் தடை செய்யும் நூலகங்களுக்கு மாநில மானியம் கிடையாது என்று சட்டம் இயற்றியது. நியூ ஜெர்சி 2024 டிசம்பரில் இயற்றிய சட்டம் இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்சேபிப்பவர் எந்தப் பகுதியை ஆட்சேபிக்கிறார், ஏன் என்று எழுத வேண்டும். நல்லெண்ணத்தோடு பணி செய்த நூலகர் மீது வழக்குப் பாயாது. சில ஆண்டுகளாக மிரட்டலுக்கு நடுவே வேலை பார்த்த நூலகர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

சுருக்கமாக: உச்ச நீதிமன்றம் 1982இல் திறந்த கதவு இப்போது இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் திறந்திருக்கிறது. அதற்குள்ளே எத்தனை நூல் மிஞ்சும் என்பதை மாநிலச் சட்டமும் மாவட்டக் கொள்கையும் தீர்மானிக்கின்றன.

எதிர்க்கும் பெற்றோர் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

பதாகை பிடிப்பது கொஞ்சம். காகிதம் படிப்பது நிறைய. ஃபுளோரிடாவில் இரண்டு அம்மாக்கள் தொடங்கிய 'ஃபுளோரிடா ஃப்ரீடம் டு ரீட் ப்ராஜெக்ட்' அமைப்பின் முதல் ஆயுதம் தகவல் கோரும் மனு. எந்த மாவட்டம் எந்த நூலை எப்போது எடுத்தது, மனுவில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டு வாங்கிப் பட்டியலிட்டார்கள். அதற்கு முன் "எங்கள் மாவட்டத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் போக அதிகாரிகளால் முடிந்தது. டெக்சஸிலும் சிலர் இதே பெயரில், இதே பாணியில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள்.

2024 ஜூன் மாதம் ஃபுளோரிடாவில் பெற்றோர் மூவர் மாநிலக் கல்வி வாரியத்தின் மீது ஒரு வழக்குத் தொடுத்தார்கள். அதன் வாதத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். நூலை அகற்றச் சொல்லி மனு கொடுத்த பெற்றோர், மாவட்டம் மறுத்தால், மாநிலத்திடம் மேல்முறையீடு செய்யலாம், செலவு மாவட்டத்துடையது. நூல் இருக்க வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர், மாவட்டம் அதை அகற்றினால், எங்கே போவது? அவர்களுக்கு அந்த வழி இல்லை. ஒரே ஊர், ஒரே பள்ளி, ஒரே வரி கட்டும் இரண்டு பெற்றோர். ஒருவருக்குக் கதவு, மற்றவருக்குச் சுவர். பெற்றோர் உரிமை என்று முழங்கும் சட்டம் எந்தப் பெற்றோரைச் சொல்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாக யாரும் கேட்டதில்லை.

மறுபரிசீலனைக் குழுவில் இடம் கேட்பது இன்னொரு வேலை. அலுப்பான வேலை. நூலைப் படிக்க வேண்டும், மாலை நேரக் கூட்டங்களுக்குப் போக வேண்டும், கருத்து எழுத வேண்டும். டெக்சஸ் 2025இல் இயற்றிய சட்டம், பள்ளி நூலகத்துக்கு நூல் வாங்குவதில் பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஆலோசனைக் குழுக்களுக்குப் பங்கு தருகிறது. நூல்களைக் குறைக்கும் நோக்கத்தில் வந்த சட்டம்தான். ஆனால் அந்த நாற்காலிகளில் எந்தக் கருத்துள்ள பெற்றோர் உட்கார்வது என்று சட்டம் சொல்லவில்லை. நூல்களை நேசிக்கும் பெற்றோர் போகாவிட்டால் மற்றவர்கள் போவார்கள்.

பள்ளி வாரியத் தேர்தல் எல்லாவற்றுக்கும் மேல். அதிபர் தேர்தலுக்கு வரிசையில் நிற்பவர்களில் பலர் இதற்கு வருவதே இல்லை. சில நூறு வாக்குகளில் ஓர் இடம் கைமாறும். நூலகத்தில் என்ன இருக்கும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் அந்தச் சில நூறு பேர்.

விசாவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் இந்த இடத்தில் "எங்களுக்குத்தான் ஓட்டு இல்லையே" என்று ஒதுங்கிவிடுவதைப் பார்க்கிறேன். வாரியத் தேர்தலில் வாக்களிக்கப் பெரும்பாலான இடங்களில் குடியுரிமை வேண்டும் என்பது உண்மை. சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற சில ஊர்களில் மட்டும் குடியுரிமை இல்லாத பெற்றோரும் வாக்களிக்கலாம். ஆனால் வாரியத்துக்குக் கடிதம் எழுதவும், கூட்டத்தில் எழுந்து பேசவும், தொகுப்புக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கவும் யாரும் கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்ப்பதில்லை. மாவட்டத்தில் பிள்ளை படிக்கிறது என்பதே போதுமான தகுதி.

பேசுபவருக்குக் கிடைப்பது வழக்கமாக இரண்டு அல்லது மூன்று நிமிடம். மணி அடித்ததும் மைக் அணைந்துவிடும். எழுதி எடுத்துப் போவது நல்லது. உங்கள் பெயர், பிள்ளை எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு, எந்த நூல், அதை நீங்கள் முழுதும் படித்தீர்கள் என்ற செய்தி, மாவட்டக் கொள்கையின் எந்தப் பிரிவு பின்பற்றப்படவில்லை என்ற குறிப்பு: இவ்வளவும் அந்த நேரத்துக்குள் அடங்கும். அடுத்த வீட்டுக்காரர் தன் பிள்ளைக்கு வேண்டாம் என்றால் அதற்கு நீங்கள் குறுக்கே நிற்கவில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பில் இருப்பவர்கள் அந்த ஒரு வரிக்குத்தான் நிமிர்ந்து பார்க்கிறார்கள். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் சில நாள்களுக்கு முன்பே மாவட்ட இணையதளத்தில் வந்துவிடும். பேசப் பெயர் கொடுக்கும் கெடு பல மாவட்டங்களில் கூட்டத்தன்று மதியமே முடிந்துவிடும்.